கம்மலைக் கழற்றினால் பயம் போகுமா?

கேள்வி:

பாஸ்டருக்கு ஸ்தோத்திரம். களியக்காவிளை தாண்டி, பாறசாலைப் பக்கம் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது பொன் போடாத, டிவி பார்க்காத ஒரு சபையில். ஆஸ்பத்திரிக்குப் போனால்கூட மறுவாரம் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரரின் சபைக்கு வந்தேன். அங்கே கலாத்தியர் நிருபத்தை வரிவரியாகப் படித்த ஒரு வகுப்பில்தான் கிருபை என்றால் என்னவென்று முதன்முதலாகப் புரிந்தது. அதற்குப் பிறகுதான் காது குத்தி ஒரு சின்னக் கம்மல் போட்டேன்.

போன வருடம் மகன் பைக்கிலிருந்து விழுந்து காலில் கம்பி வைத்தார்கள். பார்க்க வந்த பழைய சபை அக்கா, "வேறுபாட்டை விட்டுட்டுப் போனா தேவன் சும்மா இருப்பாரா பிள்ளே" என்று கேட்டார். உலகத்தாரிலிருந்து வேறுபட்டு, நகை போடாமல் வாழ்வதைத்தான் அங்கே வேறுபாடு என்பார்கள். அன்று ராத்திரியே கம்மலைக் கழற்றிவிட்டேன். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம். அன்று சுகர் மாத்திரையும் போடுவதில்லை. கடையில் வருகிற பணத்தில் நூல், வாடகை எதுவும் கழிக்காமல் பத்தில் ஒன்று எடுத்து வைக்கிறேன். மகளின் ஹாஸ்டல் பீஸ் இரண்டு மாதம் பாக்கி. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன். நடுவில் மனம் அலைந்தால் மறுபடி முதலிலிருந்து. நர்சிங் படிக்கும் மகளிடம் "நீயும் கம்மலைக் கழற்று" என்றேன். "நமக்கு விடுதலை கிடைச்சுன்னு நீதானேம்மா சொன்ன?" என்று கேட்டுவிட்டாள். அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. ஆனால் இதையெல்லாம் செய்து முடிக்கிற நாளில் மனதுக்குள் ஒரு சமாதானம் இருக்கிறது பாஸ்டர். அது தேவன் தருகிற சமாதானம் இல்லையா?

— பெயர் வேண்டாம் என்ற சகோதரி

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் மாத்திரை. வேதபாடம் அப்புறம்.

சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் தாங்களாகவே மருந்தை நிறுத்தி, நாள் முழுக்கப் பட்டினி இருப்பது ஆபத்து. மாத்திரையை விட்டால் சர்க்கரை ஏறும். சில மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சட்டென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது அது வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் டாக்டரிடம் கேட்டு அவர் சரி என்கிற வரைக்கும் உபவாசம் வேண்டாம். இதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. "ஆஸ்பத்திரிக்குப் போனேன், மன்னியுங்கள்" என்று சின்ன வயதில் எழுந்து நின்ற பிள்ளைக்கு மருந்தை விடுவது பக்தியாகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் பவுலோடு ஊழியத்தில் நடந்த லூக்காவை அவரே "பிரியமான வைத்தியன்" என்றுதான் எழுதுகிறார். வைத்தியத்தை விட்டுவிட்டு வந்ததற்காக அவரை யாரும் மெச்சியதாக வேதத்தில் ஒரு வரியும் இல்லை.

சரி, இனி உங்கள் கேள்வி.

உங்கள் கடிதத்தில் கம்மல், உபவாசம், தசமபாகம் எல்லாம் வருகிறது. நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரு வாக்கியத்தைத்தான்: "அன்று ராத்திரியே கழற்றிவிட்டேன்." உட்கார்ந்து வேதத்தைப் படித்து, வீட்டுக்காரரோடு பேசி, ஜெபித்து எடுத்த முடிவு அல்ல அது. மகன் படுக்கையில் கிடக்க, ஒருவர் வந்து ஒரு வார்த்தை சொல்ல, பயத்தில் கை தானாகக் காதுக்குப் போயிருக்கிறது. உங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தத் தாயின் கையும் போயிருக்கும். ஆனால் அந்தக் கம்மல் கழன்றது எதனால் என்பது தெரிந்தால்தான் மற்றதைப் பேச முடியும்.

பேதுருவுக்கே இது நடந்தது. அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அவர். யோப்பாவில் வீட்டு மாடியில் தரிசனம் கண்டு, "தேவன் சுத்தமாக்கினவைகளை நீ தீட்டாக எண்ணாதே" என்ற சத்தத்தைத் தன் காதால் கேட்டவர். அப்படிப்பட்டவர், எருசலேம் சபையின் தலைவர் யாக்கோபினிடத்திலிருந்து யூதர் சிலர் வந்ததும் மெல்ல எழுந்து வேறு பந்திக்குப் போய்விட்டார். ஏன்? "விருத்தசேதனமுள்ளவர்களுக்குப் பயந்து" என்கிறார் பவுல் (கலாத்தியர் 2:12). உபதேசத்தில் பேதுருவுக்குச் சந்தேகம் வரவில்லை. பழைய இடத்து ஆட்களின் முகத்தைப் பார்த்ததும் பழைய பயம் வந்தது, அவ்வளவுதான். தர்சு பட்டணத்துப் பவுலுக்கு வந்த கோபத்தைப் பாருங்கள், எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். நான் உங்களிடம் அவ்வளவு கடுமையாக இருக்கப் போவதில்லை.

உங்கள் ஊருக்குக் கொஞ்சம் வடக்கே அமரவிளையில் வணிகவரிச் சாவடி இருந்தது உங்களுக்குத் தெரியும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு அந்தச் சாவடியின் வேலை முடிந்தது. நிற்க வேண்டாம், சீட்டு காட்ட வேண்டாம். ஆனாலும் அந்த இடம் வந்தால் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது என்று எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு லாரிக்காரர் சொல்வார். சட்டம் ரத்தானது தலைக்குத் தெரிந்துவிட்டது. காலுக்குத் தெரிய நாளாகும். உங்களுக்கும் கலாத்தியர் நிருபம் தலைக்குள் போய்விட்டது. மகன் விழுந்த அன்று கால் பிரேக்குக்குப் போயிருக்கிறது.

அடுத்து அந்த விபத்து. "கம்மல் போட்டதால் மகன் விழுந்தான்" என்று நீங்கள் நம்புகிறீர்களா என்று நேராகக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வீர்கள். ஆனால் நம்புகிறவர் நடப்பது போல நடக்கிறீர்கள். ஏன் தெரியுமா? "என் தப்பால்தான் நடந்தது" என்பது கொடுமையான எண்ணமாகத் தோன்றினாலும் அதற்குள் ஒரு ஆறுதல் ஒளிந்திருக்கிறது. தப்பைத் திருத்திவிட்டால் இனி நடக்காது என்ற ஆறுதல். காரணமே தெரியாமல் பிள்ளை விழுந்தான், நாளைக்கும் விழலாம் என்பதைத் தாங்குவது அதைவிடக் கஷ்டம். அதனால் மனது குற்றவுணர்ச்சியைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். ஆற்றுப்படுத்தலுக்கு என்னிடம் வருகிறவர்களில் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்ட தாய்மார்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். யாருமே வந்து குத்திக் காட்டாவிட்டாலும் அவர்களாக ஒரு காரணத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். உங்களுக்கு அதை ஒருவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இயேசுவிடம் இதே கணக்கைப் போட்டார்கள். சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, "அப்படியல்ல" என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13:4, 5). பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோதும் அதே பதில்தான். மகனின் காலுக்குக் காரணம் தெரிய வேண்டுமென்றால் ரோட்டைப் பாருங்கள், வேகத்தைப் பாருங்கள், ஹெல்மெட் இருந்ததா என்று பாருங்கள். உங்கள் காதைப் பார்க்காதீர்கள்.

இப்போது அந்தச் சமாதானம். உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதில்: இல்லை, அது அந்தச் சமாதானம் அல்ல என்று நினைக்கிறேன். பயம் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டாலும் சமாதானம் வந்த மாதிரியே இருக்கும். இரண்டும் முதலில் ஒன்றுபோலத்தான் தெரியும். அது எத்தனை நாள் நிற்கிறது என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது புதன்கிழமை வரை இருக்கிறதா? அல்லது வியாழக்கிழமை ராத்திரியே "நாளைக்கு விட்டுவிட்டால்?" என்ற கேள்வி எழும்புகிறதா? மூன்று மணி ஜெபத்தில் மனம் அலைந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறீர்களே, அங்கே யாரிடம் பேசுகிறீர்கள்? அப்பாவிடம் பேசுகிற பிள்ளை நடுவில் கொட்டாவி விட்டால் அப்பா, முதலிலிருந்து சொல்லு என்பாரா? ரோமர் 8:15-ஐ எடுத்துப் படியுங்கள். "திரும்பவும் பயப்படுகிறதற்கு" அடிமைத்தனத்தின் ஆவியை நீங்கள் பெறவில்லை என்று இருக்கிறது. திரும்பவும் என்ற அந்த முதல் வார்த்தை உங்களுக்காகவே எழுதினது போல இருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். அது தேவன் தந்த சமாதானமாக இருந்தால் வீட்டுக்குள்ளும் பரவியிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் நடந்தது என்ன? மகள் பேசுவதில்லை. வீட்டுக்காரரைப் பற்றி இவ்வளவு நீளக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டீர்களா?

கலாத்தியர் நிருபத்தில் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிற ஒரு இடம் உண்டு. கலாத்தியா இன்றைய துருக்கி நாட்டில் இருக்கிறது. அந்தச் சபைக்காரர்களில் பெரும்பாலோர் யூதர்கள் அல்ல. மோசேயின் நியாயப்பிரமாணத்தின் கீழ் அவர்கள் ஒரு நாளும் இருந்ததில்லை. விருத்தசேதனம், நாள் பார்ப்பது, மாதம் பார்ப்பது எல்லாம் அவர்களுக்குப் புதிது. அப்படியிருக்க, இவற்றை ஏற்றுக்கொள்வதை பவுல் "மறுபடியும் திரும்பி" என்கிறார் (4:9). எங்கே திரும்பினார்கள்? முன்பு தெய்வங்களுக்குப் பயந்து, இதைச் செய்தால் அது நடக்காது, இதை விட்டால் அது வந்து சேரும் என்று செலுத்திக்கொண்டிருந்தார்களே, அந்த வழிக்கு. இப்போது செலுத்துவது மோசேயின் பெயரில். பெயர் மாறியிருக்கிறது, கொடுக்கல் வாங்கல் அதேதான். பழைய குருடி, கதவைத் திறடி.

நீங்கள் விட்டு வந்த சபையின் சட்டங்கள் எல்லாம் தப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன். நம் நாட்டில் பொன்னைக் கழற்றியதற்குப் பின்னால் ஒரு நல்ல எண்ணமும் இருந்தது. கூலிக்காரியும் தோட்டத்துச் சொந்தக்காரியும் ஒரே பாயில் உட்காருகிற இடத்தில், கழுத்தில் கிடப்பதை வைத்து ஆளை எடை போடக் கூடாது என்ற எண்ணம். பொன் இல்லாமல் கல்யாணம் நடக்கும் என்பது ஏழைத் தகப்பனுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் அதே வீடுகளில் சில இடங்களில் என்ன நடக்கிறது என்றும் நமக்குத் தெரியும். மணப்பெண் வெறும் கழுத்தோடு நிற்பாள். ரப்பர் தோட்டமும் காரும் பேங்கில் ரொக்கமும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கும். 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. தேசத்தின் சட்டமும் இங்கே உறைக்கவில்லை, தேவனுடைய நீதியும் உறைக்கவில்லை, கம்மல் மட்டும் உறைக்கிறது. ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களைப் பார்த்து இயேசு பேசியது இதைத்தான்.

நாம் இப்போது இருக்கிற பக்கமும் யோக்கியம் என்று நினைத்துவிட வேண்டாம். சந்தா பாக்கி இருந்தால் கல்யாண ஓலை (சபையில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்க இழுத்தடிக்கிற சபைகளையும் பார்த்திருக்கிறேன்.

இந்த மண்ணின் பெண்களுக்கு உடம்பில் எது இருக்கலாம், எது கூடாது என்று பிறர் விதிப்பது புதிதும் அல்ல. தெற்குத் திருவிதாங்கூரில் நம் பாட்டிகளுக்குப் பாட்டிகள் தோள்சீலை போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது என்றெல்லாம் சாதியின் பெயரால் தடை இருந்தது. மிஷனெரிமாரின் மனைவிமார் குப்பாயம் தைத்துக் கொடுக்க, அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனவர்கள் அடி வாங்கினார்கள், சட்டை கிழிக்கப்பட்டார்கள். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1859-இல் மகாராஜா உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் அறிவிப்பு வந்தது. அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. நீங்கள் தையல்காரி. ஒரு ரவிக்கைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகப் புரியும். அப்படி வந்த ஒரு பெண்ணின் காதில் கிடக்கிற அரைக் கிராம் பொன்னைத் தேவகோபத்துக்குக் காரணமாக்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

"பேதுருவே எழுதியிருக்கிறாரே" என்று அந்த அக்கா கேட்கலாம். 1 பேதுரு 3:3-ல் பொன்னாபரணத்தோடு மயிர் பின்னுவதும் வஸ்திரம் உடுத்துவதும் ஒரே வரியில் இருக்கின்றன. பொன்னுக்கு அது தடை என்றால் சடைக்கும் தடை; சேலைக்கும் தடை என்று சொல்ல வேண்டிவரும். அங்கே பேச்சு அலங்காரம் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது.

அப்படியானால் இப்போதே கம்மலை எடுத்துப் போட்டுக்கொள்ளலாமா? அவசரப்படாதீர்கள். போட்டால்தான் விடுதலை என்று நினைப்பதும் இன்னொரு சட்டம். பவுல் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் பண்ணுவித்தார். தீத்துவுக்குப் பண்ண வேண்டும் என்று சிலர் வந்து நின்றபோது ஒரு நாழிகைகூட இணங்கவில்லை. ஒரே மனிதர், ஒரே சடங்கு. லீஸ்திராவிலிருந்து கூட்டிப்போன தீமோத்தேயு யூதத் தாயின் பிள்ளை. யூதர்கள் நடுவில் அவன் ஊழியத்துக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று செய்தார். தீத்து விஷயத்தில் "இது இல்லாமல் இரட்சிப்பு இல்லை" என்றார்கள், அங்கேதான் மறுத்தார். உங்கள் கம்மலையும் இந்த இரண்டில் எதில் வைக்கிறீர்கள் என்று பாருங்கள். வயதான அம்மா மனம் நோகக் கூடாது என்று அம்மா வீட்டுக்குப் போகும்போது கழற்றி வைக்கிறீர்களா, தாராளமாகச் செய்யுங்கள். கழற்றாவிட்டால் அடுத்த விபத்து வரும் என்று கழற்றுகிறீர்களா, அப்போது கலாத்தியர் 5:1-ஐ ஒரு முறை சத்தமாக வாசியுங்கள்: "ஆனபடியினாலே, நீங்கள் மறுபடியும் அடிமைத்தனத்தின் நுகத்துக்குட்படாமல், கிறிஸ்து நமக்கு உண்டாக்கின சுயாதீன நிலைமையிலே நிலைகொண்டிருங்கள்."

ஒன்று செய்து பாருங்கள். வருகிற வெள்ளிக்கிழமை காலையில் மாத்திரையைப் போட்டு, வீட்டுக்காரரோடு உட்கார்ந்து புட்டும் பயறும் சாப்பிடுங்கள். நிச்சயமாகப் பயம் வரும். வரட்டும். அது என்ன சொல்கிறது என்பதைப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அப்படியே எழுதுங்கள்: "இன்றைக்கு மகனுக்கு ஏதாவது ஆகும்," "கடைக்கு ஆள் வராது," இப்படி. எழுதியதை வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். பயத்தைத் தனியாக வைத்திருந்தால் அது வளரும். இன்னொருவர் வாசித்துவிட்டால் அதன் சத்தம் கொஞ்சம் குறையும். பரிகாரமாக ராத்திரி கூடுதல் ஜெபம் போடக் கூடாது, அதுதான் நிபந்தனை. இரண்டு மூன்று வெள்ளிக்கிழமை இப்படிப் போனால் பயம் தானாக ஏறித் தானாக இறங்குகிறது என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

மூன்று மணி விஷயம் எனக்குக் கவலையாக இருக்கிறது. முதலிலிருந்து சொல்லாவிட்டால் இருப்புக்கொள்ளாமல் போவது, தூக்கம் கெடுவது, செய்து முடித்த ஜெபம் சரியாகச் செய்தோமா என்று மறுபடி மறுபடி சந்தேகம் வருவது, இவை பக்தியின் முகமூடி போட்டுக்கொண்டு வருகிற மனநோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். எண்ணச் சுழற்சி நோய் என்பார்கள். மருந்தாலும் பேச்சு சிகிச்சையாலும் குணமாகக்கூடியது. மனநல டாக்டர் ஒருவரைப் பாருங்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் முதலில் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள்.

அந்த அக்காவோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவர் பொன் போடாமல் இருப்பது அவருடைய மனச்சாட்சி. "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?" என்ற ரோமர் 14:4 அவருக்கு எதிராக உங்களுக்குக் கிடைத்த ஆயுதம் அல்ல, உங்களுக்கும் அதே வசனம்தான். மறுபடி வந்து அதையே பேசினால், "அக்கா, இதைப் பற்றி இனி என்னிடம் பேச வேண்டாம், மகனுக்காக ஜெபியுங்கள்" என்று சொல்லலாம். அதற்கு மேல் விளக்கம் எதுவும் தேவையில்லை.

மகளிடம் "நீ கேட்டது சரியான கேள்வி" என்று சொல்லிவிடுங்கள். அவள் காதில் என்ன இருக்க வேண்டும் என்பதை அவளிடமே விடுங்கள். பயத்தைச் சொத்தாக எழுதிவைப்பது நம் வீடுகளில் அதிகம்.

கடைசியாகத் தசமபாகம். பழைய ஏற்பாட்டில் அது நிலத்தின் விளைச்சலிலும் ஆடுமாடுகளிலும் கொடுத்தது. மூன்றாம் வருடத்தில் எடுத்து வைப்பதை லேவியனோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும் என்று உபாகமம் 14 சொல்கிறது. புதிய ஏற்பாட்டில் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது சதவீதம் எதுவும் போடவில்லை. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே" என்கிறார். நூலுக்கும் வாடகைக்கும் போக வேண்டிய பணம் உங்கள் வருமானமே அல்ல. அதில் பங்கு எடுத்து வைப்பது பிறருடைய பணத்தைக் காணிக்கையாகப் போடுவது. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் "கொர்பான்" என்று தேவனுக்கு நேர்ந்துவிட்டுக் கைகழுவியவர்களை இயேசு கண்டித்ததை மாற்கு 7-ல் வாசித்திருப்பீர்கள். பிள்ளைக்குச் சேர வேண்டியதும் அப்படித்தான். எடுத்து வைத்திருக்கும் அந்தப் பணத்தில் இந்த வாரமே ஹாஸ்டல் பாக்கியைக் கட்டுங்கள். மீதி இருந்தால், மனமிருந்தால், கொடுங்கள்.